பதினோராம் படகின் பச்சை விளக்கு

போன மாதம் எங்கள் குடாநாட்டுத் திருநெல்வேலியிலிருந்து இரண்டு இளம் பொறியியலாளர்கள் என்னைத் தேடிக் கரவெட்டிக்கு வந்தார்கள். வடகரையில் ஒரு சிறு இறங்குதுறைக்காக நான் எழுதிக் கொடுத்த படகுப் பதிவுப் புறோகிராமை இப்போது கைத்தொலைபேசிக்கு மாற்றுகிறார்களாம். மடிக்கணினியைத் திறந்து என் பழைய வரிகளைக் காட்டினார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் என் எழுத்து எனக்கு மறக்கவில்லை.

"மிஸ், இந்த இடத்திலை உங்கடை பூலியன் தலைகீழாக் கிடக்குது," என்றாள் வந்த இருவரில் பெண்பிள்ளை. "'வந்திட்டுதோ' எண்டு கேட்டிருந்தால் நேராயிருக்கும். நீங்கள் 'கடலிலை நிக்குதோ' எண்டு கேட்டு வைச்சிருக்கிறியள். திருப்பி எழுதட்டோ?"

"திருப்பினால் கையை முறிப்பன்," என்றேன்.

இருவரும் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் சிரிக்காததைக் கண்டு அடங்கினார்கள். காரணம் கேட்டார்கள். வாயால் சொன்னால் எனக்குக் கோபமும் வரும், கண்ணீரும் வரும். இரண்டையும் விருந்தாளிகளுக்குக் காட்ட விருப்பமில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். அதுதான் இது.

சி என்ற கணினி மொழி தெரியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு சொல்லை மட்டும் முதலில் விளக்கிவிடுகிறேன். ஸ்ரக்சர் என்பது ஒரு பொருளைப் பற்றிய விபரங்களை ஒன்றாக வைக்கும் பெட்டி. படகு என்றால் அதன் இலக்கம், எத்தனை பேர் போனார்கள், எப்போது போனார்கள், எப்போது வருவார்கள், எல்லாம் ஒரே பெட்டிக்குள் தனித்தனி அறைகளில் இருக்கும். பூலியன் என்பது அப்படியான ஓர் அறை. அதற்குள் ஓம் அல்லது இல்லை என்ற இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். ஓம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூச்சியம். 'தெரியாது' என்று வைக்க அதில் இடமில்லை. இவ்வளவுதான் விசயம். இதைப் படிப்பிக்க ஒரு மணித்தியாலம் போதும். இதை உணர்ந்துகொள்ள எனக்கு இருபது வருடத்துக்கு மேல் சென்றது.

நான் சி படித்தது குடாநாட்டில் போரால் மின்சாரம் இல்லாத வருடங்களில். கொம்பியூட்டர் ஒன்று இருந்தது. கிழமையில் ஒரு நாள், யாரோ ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் தேடிக் கொண்டுவந்தால், ஆளுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். மற்ற ஆறு நாளும் நாங்கள் புறோகிராமைச் சதுரக்கோட்டுக் கொப்பியில்தான் ஓட்டினோம். எங்களுக்குப் படிப்பித்தவர் சிவபாலன் சேர். பின்னாளில் பலாலி வீதியில் அவர் தொடங்கிய சிறு நிறுவனத்தில்தான் நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்தேன்.

கொப்பியில் ஓட்டுவது என்றால் சும்மா வாசிப்பதல்ல. சேர்தான் இயந்திரம். நாங்கள் ஒரு வரி வாசிக்க வேண்டும். அவர் பென்சிலால் கொப்பியில் ஒரு சதுரம் கீறுவார், உள்ளே பெறுமதியை எழுதுவார். அடுத்த வரி. பெறுமதி மாறினால் அழிறப்பரால் அழித்துவிட்டு எழுதுவார். நாங்கள் என்ன நினைத்து எழுதினோம் என்பது அவருக்கு ஒரு சதத்துக்கும் பொருட்டில்லை. எழுதியதை மட்டும் செய்வார். நாங்கள் ஓர் அறைக்குப் பெறுமதி கொடுக்க மறந்துவிட்டால் எதுவும் சொல்லமாட்டார். யன்னலால் எட்டிப் பார்ப்பார். வீதியில் போகும் வாகனத்தின் இலக்கத்தை அந்தச் சதுரத்துக்குள் எழுதிவிட்டு, "சரி, மேலை வாசி" என்பார். ஐந்தாறு வரிக்குப் பிறகு ஒரு மாணவனின் வயது நாலாயிரத்துச் சொச்சம் என்று விடை வரும். அப்போதும் சிரிக்கமாட்டார். "நீ ஒண்டும் வைக்கேல்லை எண்டால் அது வெறுமையா இருக்கும் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?" என்று மட்டும் கேட்பார்.

இந்தக் கேள்வியை நான் எத்தனை தரம் வாங்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பிறகு மின்சாரம் வந்தது, கொம்பியூட்டர்கள் மலிந்தன. சேர் மட்டும் கொப்பியை விடவில்லை. எந்த வேலையையும் வெளியே கொடுக்குமுன் "கொப்பியிலை ஓட்டினனியோ பிள்ளை?" என்று கேட்பார். எனக்கு ஐம்பது வயதானபோதும் அவருக்கு நான் பிள்ளைதான்.

ஏழெட்டு வருடங்களுக்கு முன், இடம்பெயர்ந்த சனம் மயிலிட்டிப் பக்கத்துக் கரைக்குத் திரும்பி வந்து தொழில் சூடுபிடித்தபோது, அங்கே ஒரு சிறு இறங்குதுறைச் சங்கத்தார் எங்களிடம் வந்தார்கள். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பிழை என்னுடையது, ஊர் பாவம். மாலையில் போகும் படகுகளில் எது திரும்பியது, எது திரும்பவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். நான் ஒரு பலகை செய்து கொடுத்தேன். படகுக்கு ஒரு விளக்கு. வந்துவிட்டால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. காலை ஒன்பது மணிக்கு ஏதாவது விளக்கு சிவப்பாக இருந்தால் சங்கத் தலைவர் உடனே பக்கத்துத் துறைகளுக்கும் கடற்படைக்கும் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு.

கீழே ஒரு சிறு திரையும் மூன்று பெரிய பொத்தான்களும் வைத்தேன்: ஓம், இல்லை, அடுத்தது. மாலையில் சங்கத்து எழுத்தர் படகின் இலக்கம், ஆட்கள் தொகை, வரும் நேரம் எல்லாம் பதிவார். கடைசியில் திரை 'திரும்பியதா?' என்று கேட்கும். போகிற நேரம்தானே, 'இல்லை' அமத்துவார். காலையில் படகு வந்ததும் அதே திரைக்குப் போய் 'ஓம்' அமத்துவார். போகவும் வரவும் ஒரே திரை. எனக்கு வேலை மிச்சம். கெட்டித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சேர் வழக்கம்போல் கேட்டார். கொப்பியில் ஓட்டினேன் என்று சொன்னேன். பொய்யில்லை. ஒரு படகை மாலையில் அனுப்பி, காலையில் திருப்பி எடுத்து, எல்லாம் சரி என்று கொப்பியை மூடினேன். பலகை ஏழு மாதம் ஒரு குறையுமில்லாமல் வேலை செய்தது.

அதன் பிறகு எழுத்தருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. அவருக்குப் பதிலாக, சங்கத்தின் ஐஸ் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்ரெல்லாவை மாலைப் பதிவுக்கு விட்டார்கள். குருநகரில் பிறந்து இந்தக் கரைக்கு வாழ்க்கைப்பட்ட பெண். வாயும் கையும் ஒருமிக்க வேலை செய்யும். முதல் மாலையிலேயே பதினாலு படகையும் ஒருவரின் உதவியும் இல்லாமல் பதிந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் அங்கே போய் இறங்கினேன். பலகையின் பற்றறியை மாற்றும் நாள். அறைக்குள் போனதும் பலகையைத்தான் பார்த்தேன். பதினாலும் பச்சை. மனம் குளிர்ந்தது. தலைவர் சூசைப்பிள்ளை அண்ணை நாற்காலியில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். ஸ்ரெல்லா வாசலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் வெறும் பை.

"மிஸ், பதினோராம் நம்பர் என்ரை அண்ணையின்ரை போட்," என்றாள். "பச்சை எரியுது. ஆனா ஆளைக் காணேல்லை."

"வந்திட்டுக் கரவெட்டி பஸ்ஸைப் பிடிச்சிருப்பான்," என்றார் தலைவர் பேப்பரை இறக்காமல். அவளுடைய அண்ணன் மரியதாசனும் இந்தக் கரையில்தான் பெண் எடுத்தவன்; இடப்பெயர்வில் போன அவன் குடும்பம் இன்னும் வடமராட்சியில், கரவெட்டியில்தான் வாடகைக்கு இருந்தது. அதனால் கரையில் அவனுக்காகக் காத்திருக்க வேறு யாரும் இல்லை.

"எனக்குக் கறிக்கு மீன் தராமல் அண்ணை ஒருநாளும் போகேல்லை. போட்டையும் காணேல்லையே?"

"எஞ்சின் இழுக்குது எண்டு நேற்றுச் சொன்னவன். பக்கத்துத் துறையிலை திருத்தக் குடுத்திருப்பான். பச்சையெல்லோ எரியுது, பிறகென்ன?"

அந்தப் 'பிறகென்ன' என் நெஞ்சில் இடித்தது. அது என் பலகை மேலிருந்த நம்பிக்கை. நான் கேட்டேன்: "பதினொண்டுக்கு ஓம் அமத்தினது ஆர்?"

"நான் எட்டு மணிக்கு வந்து துறக்கேக்கையே எல்லாம் பச்சை. பிள்ளை விடியவே வந்து அமத்திப்போட்டாள் எண்டு நினைச்சன்," என்றார் தலைவர்.

"நான் ஒன்பதுக்குத்தான் வந்தனான். நீங்கள் அமத்தினது எண்டெல்லோ நினைச்சன்!" என்றாள் ஸ்ரெல்லா.

ஒருவரும் அமத்தவில்லை. பதினோராம் படகின் பதிவைத் திரையில் எடுத்தேன். திரும்பிய நேரம் ஆறு பத்து என்று இருந்தது. திகதியைப் பார்த்தேன். நேற்றைய காலை.

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு படகுக்கு ஒரே பெட்டி; நேற்றுப் பாவித்த அதே பெட்டியில்தான் இன்றைய விபரமும். இலக்கம், ஆட்கள், நேரம் எல்லாம் புதிதாக எழுதப்பட்டன. 'திரும்பியதா' என்ற அறைக்கு ஸ்ரெல்லா ஒன்றும் அமத்தாமல் 'அடுத்தது' போட்டுவிட்டாள். நேற்று அங்கே இருந்த 'ஓம்' அப்படியே இருந்தது. நான் அதை அழிக்கவே இல்லை. எழுத்தர் ஒவ்வொரு நாளும் 'இல்லை' அமத்தியதால்தான் என் பிழை ஏழு மாதம் வெளியே தெரியாமல் கிடந்தது.

"அண்ணை, உந்தப் பச்சை பொய். பதினொண்டு இன்னும் வரேல்லை. போன் எடுங்கோ," என்று கத்தினேன். தலைவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பேப்பர் கீழே விழுந்தது. அந்த மனிதரை நான் குறை சொல்லமாட்டேன்; ஐந்து நிமிடத்துக்குள் கடற்படைக்கும் மூன்று துறைகளுக்கும் சொல்லி, கரையில் நின்ற நாலு படகைத் தள்ளிவிட்டார். ஒன்பதுக்குப் போயிருக்க வேண்டியவை பத்தரைக்குப் போயின. அந்த ஒன்றரை மணித்தியாலத்தை இன்றைக்கும் நான் என் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

சேருக்குத் தொலைபேசி எடுத்து ஒரே மூச்சில் சொன்னேன்.

"தேடப் போட்டினமோ?" என்றார்.

"ஓம் சேர்."

"அப்ப வை. அந்தப் பிள்ளையோடை நில். மிச்சம் பிறகு கதைப்பம்."

ஸ்ரெல்லா அழவில்லை. வெறும் பையை மடிப்பதும் விரிப்பதுமாக மணலில் நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். காற்று கூடிக்கொண்டு வந்தது. மரியதாசனின் தொலைபேசி எடுபடவில்லை. ஒருமுறை அவள் என் பக்கம் திரும்பி, "மிஸ், அவருக்கு நீந்தத் தெரியும்தானே?" என்று என்னைக் கேட்டாள். அவளுடைய அண்ணனுக்கு நீந்தத் தெரியுமா என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. "ஓம்" என்றேன்.

பகல் ஒன்றரை மணிபோல் மேற்கே போன படகு அவர்களைக் கண்டுவிட்டது. எஞ்சின் நின்று, விடிந்ததிலிருந்து காற்றோடு இழுபட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். மரியதாசனும் அவன் மச்சானும். கட்டி இழுத்து வந்தபோது இருவருடைய உதடும் வெடித்திருந்தது. அவன் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுத் தலைவரைப் பார்த்துச் சொன்னான்: "வெய்யில் ஏறிச்சுது, ஒருத்தரையும் காணேல்லை. சிவப்பு எரியுமே, ஏன் இன்னும் வரீனமில்லை எண்டுதான் யோசிச்சுக்கொண்டு கிடந்தன்."

அவன் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த நாள் சேர் என்னோடு துறைக்கு வந்தார். கக்கத்தில் சதுரக்கோட்டுக் கொப்பி. ஸ்ரெல்லாவை முன்னால் இருத்தினார். அவள் பயந்துபோயிருந்தாள்; தன் பிழையைப் பிடிக்க ஆள் வந்திருக்கு என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அவள் மேல் ஒரு எரிச்சல் இருந்தது. கேட்ட கேள்விக்கு ஒரு பொத்தானை அமத்துவதில் என்ன கஷ்டம்?

"பிள்ளை புறோகிராமை வாசிப்பா. நான் இயந்திரம். நீங்கள் மாலையிலை செய்த மாதிரியே செய்யுங்கோ," என்றார் சேர்.

நான் வாசித்தேன். அவர் பெட்டி கீறினார். முதல் நாள் முடிந்தது, எல்லாம் சரி. நான் கொப்பியை மூடப் போனேன். அவர் கையால் தடுத்தார். "இரண்டாம் நாள்?" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு என் இருபத்தைந்து வருட அனுபவம் தலை குனிந்தது. நான் ஒருபோதும் இரண்டாம் நாளை ஓட்டிப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாளை ஓட்டினோம். 'திரும்பியதா?' என்ற இடம் வந்தது. ஸ்ரெல்லாவின் விரல் 'இல்லை' வரைக்கும் போய் நின்றது. பிறகு நகர்ந்து 'அடுத்தது' பொத்தானுக்குப் போனது.

"ஏன் பிள்ளை?" என்றார் சேர், பென்சிலை எடுக்காமல்.

"நான் அதை அமத்தமாட்டன் சேர்."

"அது வெறும் பொத்தான்," என்றேன் நான். என் குரலில் எரிச்சல் இருந்தது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மிஸ், கடலுக்குப் போற மனிசனைப் பாத்து எங்கடை வீட்டிலை 'போறியோ' எண்டுகூடக் கேக்கமாட்டினம். 'வாறன்' எண்டுதான் அவையும் சொல்லுவினம். உவர் இப்பத்தான் இறங்கிப் போறார். அதுக்குள்ளை என்ரை கையாலை 'திரும்பேல்லை' எண்டு எழுதச் சொல்லிக் கேக்குது உந்தப் பெட்டி. என்னாலை ஏலாது. வெட்கம் விட்டுச் சொல்லுறன், அமத்தாமல் விட்டாப் பிறகு லைற் பச்சையா எரிஞ்சதைப் பாத்து எனக்கு நல்லாத்தான் இருந்தது. நல்ல சகுனம் எண்டு நினைச்சன்."

என் வீட்டிலும் யாரும் 'போறன்' என்று சொல்லிவிட்டுப் படி இறங்கமாட்டார்கள். அதே வீட்டில் வளர்ந்த நான்தான், ஒரு தங்கச்சியிடம் தன் அண்ணன் திரும்பவில்லை என்று ஒவ்வொரு மாலையும் சாட்சி சொல்லும்படி கேட்டு வைத்திருந்தேன். அவள் மேலிருந்த எரிச்சல் அந்த இடத்திலேயே போய்விட்டது, வெட்கம்தான் மிஞ்சியது.

சேர் கொப்பியில் ஒரு புதிய பக்கம் எடுத்தார். "சரி. படகு போயிட்டுது. உங்களை ஒண்டு கேக்கோணும். எப்பிடிக் கேட்டால் மனம் நோகாமல் சொல்லுவியள்?"

அவள் யோசிக்கவே இல்லை. "கடலிலை நிக்கினமோ எண்டு கேளுங்கோ. ஓம் எண்டு சொல்லுறன்."

சேர் என்னைப் பார்த்தார். நான் பென்சிலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அன்று மத்தியானம் அந்த ஐஸ் அறையின் வாசலில் இருந்துதான் புறோகிராமைத் திருப்பி எழுதினோம். ஒரு படகுக்கு ஒரு பெட்டி போதாது. படகு ஒன்று, அது போகும் பயணம் வேறொன்று. படகுக்கு ஒரு ஸ்ரக்சர், ஒவ்வொரு மாலையும் புதிதாகப் பிறக்கும் பயணத்துக்கு இன்னொரு ஸ்ரக்சர். பயணம் பிறக்கும்போதே அதன் 'கடலில்' என்ற அறைக்குள் 'ஓம்' இருக்கும். யாரும் எதையும் அமத்தத் தேவையில்லை. மறந்துபோனாலும் விளக்கு சிவப்பாகத்தான் நிற்கும். மனிதர் மறக்கும்போது பெட்டி பயப்பட வேண்டும், ஆறுதல் சொல்லக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் அந்த இரண்டு பொறியியலாளர்களும் மனதில் வைத்தால் போதும். மிச்ச வரிகளை எப்படியும் மாற்றட்டும்.

எழுதி முடித்ததும் கொப்பியில் ஓட்டினோம். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். போனவர் வராமல் விட்ட நாள், வந்தும் யாரும் அமத்தாத நாள், ஒரே நாளில் இரண்டு தரம் போன நாள். சேருக்கு அலுக்கவில்லை. ஸ்ரெல்லாவே இரண்டு பிழை கண்டுபிடித்தாள். படகு பக்கத்துத் துறையில் இறங்கினால் என்ன செய்வது என்று அவள்தான் கேட்டாள். எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

மரியதாசனின் எஞ்சின் திருத்தி வர ஒன்பது நாள் சென்றது. அவன் திரும்பத் தொழிலுக்குப் போன முதல் மாலைக்கு அடுத்த காலை, வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் நான் முதல் பஸ்ஸில் துறைக்குப் போனேன். மாலைப் பதிவை ஸ்ரெல்லா செய்திருந்தாள். பலகையில் பன்னிரண்டு பச்சை, இரண்டு சிவப்பு. பதினொன்று சிவப்பு. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆனால் முகத்தில் பயமில்லை. இந்தமுறை விளக்கு அவளோடு சேர்ந்து காத்துக்கொண்டிருந்தது.

ஏழரைக்குப் படகு வந்தது. மரியதாசன் முழங்காலளவு தண்ணீரில் குதித்து, ஒரு பெரிய விளைமீனைத் தூக்கிக் காட்டினான். ஸ்ரெல்லா மீனை வாங்கப் போகவில்லை. அறைக்குள் ஓடி வந்தாள். திரை கேட்டது: 'கடலில் நிற்கிறதா?'

அவள் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

"இல்லை!" என்று கத்தினாள். பிறகு வாசலுக்கு வந்து, கரையிலே நின்ற எல்லோருக்கும் கேட்க, சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இன்னும் ஒருதரம் சொன்னாள்: "இல்லை, இல்லை, கடலிலை இல்லை!"